27 பவுண்டு செக்

இங்கிலாந்தில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகச் சுவரில் ஒரு செக் மாட்டியிருந்ததாம். தொகை 27 பவுண்டு. கணக்கில் பணமில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிய செக். யாருக்கு அது எழுதப்பட்டதோ, அந்த ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட் சாக்ஸபோன் வாசிப்பவர். 1970-களில் உலகமே முணுமுணுத்த ஒரு வாசிப்புக்குத் தனக்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவந்தார்.

பாட்டின் பெயர் 'பேக்கர் ஸ்ட்ரீட்'. ஸ்காட்லாந்துக்காரரான ஜெரி ராஃபர்ட்டி எழுதிப் பாடி 1978-ல் வெளியிட்டது. பிரிட்டன் பட்டியலில் 3-ஆம் இடம். அமெரிக்காவில் 2-ஆம் இடத்தில் ஆறு வாரம். அந்தப் பாட்டில் ஒரு விசேஷம், பாடகர் பல்லவி பாடுவதில்லை. பல்லவி வரவேண்டிய இடத்திலெல்லாம் சாக்ஸபோன் வருகிறது. கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது அதைத்தான். இந்தப் பாட்டினால் ராஃபர்ட்டிக்கு ஆண்டுக்குச் சுமார் 80,000 பவுண்டு ராயல்டி வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. 80,000-க்கும் 27-க்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் செஷன் கலைஞர் என்ற தொழிலின் கதை.

செஷன் கலைஞர் என்றால் எந்தக் குழுவிலும் நிரந்தரமாக இல்லாதவர். ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வரும்; வாத்தியத்தோடு போவார்; முன்னால் வைக்கிற நொட்டேஷனை வாசிப்பார்; கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டூடியோவுக்குப் போவார். நம்மூர் சினிமா ஆட்கள் கால்ஷீட் கணக்குப் பேசுவதுபோல, லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் மூன்று மணி நேரம் ஒரு செஷன் என்று இசைக்கலைஞர் சங்கங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. அந்த மூன்று மணி நேரத்தில் பதிவானது மூன்று நாளில் மறக்கப்பட்டாலும், முப்பது வருடம் ஓடினாலும் கூலி ஒன்றே. கிடார்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும்கூட இதே நிலைமைதான். ஆனால் அவர்களுடைய வாசிப்பு பாட்டுக்குள் கரைந்துவிடும். சாக்ஸபோன் கரையாது. மூச்சால் வாசிக்கிற வாத்தியம், மனிதக் குரலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பாடகர் வாயை மூடியதும் இன்னொரு ஆள் பேச ஆரம்பித்த மாதிரி இருக்கும். அந்த இன்னொரு ஆள் யார் என்று மட்டும் கேட்பவர்களுக்குத் தெரியாது.

ரேவன்ஸ்கிராஃப்ட் அன்று ஸ்டூடியோவுக்குப் போனதே வேறு வேலைக்கு. சோப்ரானோ சாக்ஸில் ஒரு சின்னப் பகுதி வாசிக்க வேண்டியிருந்தது. ராஃபர்ட்டியின் பாட்டில் முக்கியமான இடமொன்று நிரம்பாமல் கிடந்தது. தன் காரில் ஆல்டோ சாக்ஸ் இருக்கிறது, எடுத்து வந்து வாசித்துப் பார்க்கட்டுமா என்று இவர் கேட்டார். இசை வரலாற்றில் கார் டிக்கிகளுக்கு உரிய மரியாதை இன்னும் தரப்படவில்லை என்றே தோன்றுகிறது.

அந்த மெட்டு யாருடையது என்ற சண்டை பின்னால் வந்தது. வெறும் இடைவெளிகள் விட்ட பாட்டைத்தான் தன்னிடம் கொடுத்ததாகவும், ஒரு பழைய ப்ளூஸ் துணுக்கைக் கொண்டு தானே அவற்றை நிரப்பியதாகவும் ரேவன்ஸ்கிராஃப்ட் சொன்னதுண்டு. 2011-ல் அந்த ஆல்பம் மறுபடி வெளியானபோது ராஃபர்ட்டியின் பழைய மாதிரிப் பதிவும் அதோடு வந்தது. அதே மெட்டு அதில் கிடாரில் இருக்கிறது! ஆகவே மெட்டு ராஃபர்ட்டியுடையது. எழுதியவருக்கான ராயல்டி அவருக்குப் போனதில் தவறில்லை. ஆனால் அந்தக் கிடார் பதிவைக் கேட்டுவிட்டுப் பிறகு சாக்ஸபோனில் கேளுங்கள். முதலாவது ஒரு நல்ல மெட்டு. இரண்டாவது, நள்ளிரவில் தெருவில் யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துவது. அந்த வித்தியாசத்துக்கு 27 பவுண்டு என்று எந்தத் தராசு சொன்னது?

வாசித்தவருக்கே அது பிடிக்கவில்லை என்பது கதையின் வேடிக்கையான பகுதி. சுருதி இறங்கியிருக்கிறது, கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது என்று 2010-ல் பிபிசியின் டெவன் வானொலியில் சொன்னார். அதைவிட வேடிக்கை, அதை வாசித்தது பாப் ஹோல்னெஸ் என்ற தொலைக்காட்சி வினாடி வினா நடத்துநர் என்று பிரிட்டனில் பல வருடம் பலரும் நம்பியது. ஸ்டூவர்ட் மக்கோனி என்ற பத்திரிகையாளர் ஓர் இசைப் பத்திரிகையில் கேலியாக எழுதிவிட்ட ஒரு வரி ஊரெல்லாம் பரவி உண்மையாகிவிட்டது. பெயர் காலியாக இருக்கிற இடத்தில் எந்தப் பெயரையும் எழுதலாம் அல்லவா?

இந்தத் தொழிலுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? முதலில் கணக்கு. சாக்ஸபோன், பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய வாத்தியம். அதன் விரலமைப்பு எல்லா அளவு சாக்ஸுக்கும் ஒன்றுதான், ஆனால் ஒலிக்கிற ஸ்வரம் வேறு. ஆல்டோ ஒரு சுருதி, டெனர் ஒரு சுருதி. கிடார்காரர்களுக்கு 'ஈ' மேஜர் மிகவும் வசதியான ஸ்கேல், நான்கே ஷார்ப். அதே பாட்டை வாசிக்க ஆல்டோக்காரர் 'சி ஷார்ப்' மேஜரில் விரல் ஓட்ட வேண்டும், ஏழு ஷார்ப். ராக் பாட்டுக்காரர்கள் 'ஈ'-யை விட்டு நகரமாட்டார்கள். ஸ்டூடியோ கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பாடகர் தன் குரலுக்காக அரை ஸ்வரம் இறக்கச் சொன்னால், முழுவதையும் மனத்திலேயே மாற்றி அடுத்த டேக்கில் வாசிக்க வேண்டும்.

பிறகு சீவாளி விவகாரம். நாதஸ்வரத்துக்கு இரண்டு தகடு சேர்ந்த சீவாளி என்றால் சாக்ஸுக்கு ஒற்றைத் தகடு. அதுவும் நாணல்தான், பேர்பெற்ற நாணல் தெற்கு பிரான்ஸில் வார் என்ற பகுதியில் விளைகிறது. திருவாவடுதுறைச் சீவாளியை வாயில் ஊறவைத்துப் பதம் பார்க்கிற வித்வானின் கவலை எதுவோ அதே கவலை சாக்ஸ்காரருக்கும் உண்டு. நேற்று தேனாய்ப் பேசிய தகடு, இன்று ஏ.சி. அறையில் கீச்சென்று கத்தும். இதோடு, சாக்ஸ் மட்டும் தெரிந்தவருக்கு அழைப்பு குறைவு. கிளாரினெட், புல்லாங்குழல் என்று கூட இரண்டு மூன்று வாத்தியம் கையில் இருக்க வேண்டும். ஒரே செஷனில் இன்னொரு வாத்தியத்தையும் எடுத்தால் அமெரிக்கச் சங்க விதிப்படி கூடுதல் கூலி.

இத்தனையும் தெரிந்தவர்களே திணறிய பாட்டு ஒன்று உண்டு. நம்மூர் ரிசப்ஷன் மேடைகளிலிருந்து கைப்பேசி ரீல்ஸ் வரை இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஜார்ஜ் மைக்கேலின் 'கேர்லெஸ் விஸ்பர்'. அதன் சாக்ஸபோன் மெட்டு, பதினேழு வயதில் பஸ்ஸில் போகும்போது தனக்குத் தோன்றியதாக ஜார்ஜ் மைக்கேல் சொல்லியிருக்கிறார். முதலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மஸில் ஷோல்ஸ் என்ற ஊருக்குப் போய், ஜெரி வெக்ஸ்லர் என்ற பெரிய தயாரிப்பாளரிடம் பதிவு செய்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து முன்னணிக் கலைஞர் ஒருவரை வரவழைத்தும், மணிக்கணக்கில் வாசிக்க வைத்தும் ஜார்ஜ் மைக்கேலுக்குத் திருப்தி வரவில்லை என்று அவருடைய மேனேஜர் சைமன் நேப்பியர்-பெல் விவரித்திருக்கிறார். முழுப் பதிவையும் தூக்கி வைத்துவிட்டு லண்டனில் மறுபடி தொடங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சாக்ஸ்காரர்கள் வந்து போனார்கள்.

மெட்டைக் கேட்டால் எளிதாகத்தான் தெரிகிறது. சிக்கல், அது ஏறுகிற உயரத்திலும் மூச்சு விட இடமில்லாத ஓட்டத்திலும் இருக்கிறது. கடைசியில் வந்தவர் ஸ்டீவ் கிரெகரி. அவருடைய பழைய டெனர் சாக்ஸில் அந்த உச்ச ஸ்வரத்துக்குச் சாவியே கிடையாது. டேப்பின் வேகத்தைக் குறைத்து அரை ஸ்வரம் கீழே இறக்கினார்கள். அவர் அந்தச் சுருதியில் சௌகரியமாக வாசித்தார். பிறகு டேப்பைப் பழைய வேகத்துக்கு ஏற்றினார்கள். உலகம் கேட்டு உருகுகிற அந்த ஒலி, கிரெகரியின் சாக்ஸிலிருந்து வந்தபடியே நம் காதுக்கு வருவதில்லை. அரை ஸ்வரம் மேலேறி, இழைபோல் சற்று மெலிந்து வருகிறது. 1984 ஆகஸ்டில் பிரிட்டனில் முதலிடம், 1985 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம். கிரெகரியின் பெயர் இன்றைக்கும் விசாரித்தால்தான் தெரியும்.

எல்லாக் கதையும் இப்படிக் கசப்பானது இல்லை. 1972-ல் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாட்டு லண்டனில் பதிவானது. தயாரிப்பாளர்களில் ஒருவர் டேவிட் போவி. பாட்டு முடிந்து மறைகிற இடத்தில் பாரிடோன் சாக்ஸ் ஒன்று தெருமுனை திரும்பிப் போகிற ஆள் மாதிரி வாசித்துக்கொண்டே போகும். அதை வாசித்தவர் ரோனி ராஸ், பிரிட்டிஷ் ஜாஸில் மதிப்புமிக்கவர். போவி சிறுவனாக இருந்தபோது அவரிடம்தான் சாக்ஸ் பாடம் கற்றார். தான் யாரென்று சொல்லாமலே குருவைச் செஷனுக்கு அழைத்திருந்தார் போவி. ராஸ் வாசித்து முடித்த பிறகு போவி முன்னால் வந்து, சனிக்கிழமை காலை பாடத்துக்கு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாராம். உச்சியிலிருந்த ராக் நட்சத்திரம்தான் அந்தச் சின்னப் பையன் என்று ராஸுக்கு அதுவரை தெரியாது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலை ஒரு கலையாக்கியவர் கிங் கர்டிஸ். டெக்சஸ்காரர். 1958-ல் கோஸ்டர்ஸ் குழுவின் 'யாக்கெட்டி யாக்' பாட்டில் கோழி கொத்துவதுபோல் விட்டு விட்டு அவர் வாசித்த துணுக்கு முதலிடத்துக்குப் போனது. 1967-ல் அரீதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' பாட்டில் நடுவே வருகிற சாக்ஸும் அவருடையதே. கூலிக்கு வாசிப்பவராக இருந்து, அரீதாவின் மேடைக் குழுவுக்குத் தலைவராக உயர்ந்தவர். 1971 கோடையில் ஜான் லெனனின் 'இமேஜின்' ஆல்பத்துக்கு வாசித்தார். அந்த ஆகஸ்ட் 13-ஆம் தேதி நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் நடந்த தகராறில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயது 37. ஆல்பம் வெளியானது செப்டம்பரில்.

ராக் குழுவோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தவர் பாபி கீஸ். அவரும் டெக்சஸ். ரோலிங் ஸ்டோன்ஸின் 'பிரவுன் ஷுகர்' பாட்டில் கேட்பது அவருடைய டெனர். அவரும் அக்குழுவின் கீத் ரிச்சர்ட்ஸும் பிறந்தது ஒரே நாள், 1943 டிசம்பர் 18. குழுவில் உறுப்பினர் ஆகாமலே உறுப்பினர் மாதிரி வாழ்ந்தார். 1973 சுற்றுப்பயணத்தில் குளியல் தொட்டி நிறைய ஷாம்பெயின் ஊற்றிக் குளித்ததில் சம்பாதித்ததைவிடச் செலவு அதிகமாகிவிட்டது என்ற கதையை ரிச்சர்ட்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதன்பின் பல வருடம் குழுவிலிருந்து விலக்கிவைக்கப்பட்டு, பிறகு திரும்பி வந்தார். செஷன் கலைஞருக்கு ஆடம்பரம் ஒத்துவராது என்பதற்கு இதைவிட ஈரமான உதாரணம் கிடைக்காது.

பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டில் டிக் பாரி வாசித்ததையும் இங்கே சொல்ல வேண்டும், நம் காதுக்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பாட்டின் தாளம் ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய நமக்கு அது சகஜம். நாலிலேயே நடந்து பழகிய ராக் இசையில் அது முடவன் ஏணியேறுகிற காரியம். பாரி அந்த ஏழிலேயே சாக்ஸ் வாசிக்கிறார். அடுத்து கிடார் முறை வந்ததும் பாட்டு நாலுக்கு மாறிவிடுகிறது.

இந்தியாவில் இந்தத் தொழிலின் பெரிய பெயர் மனோகரி சிங். நேபாளப் பூர்வீகம், 1931-ல் கல்கத்தாவில் பிறப்பு. பாட்டா செருப்புக் கம்பெனியின் பேண்டில் சிறுவனாகச் சேர்ந்து வாசித்தவர். 1958-ல் பம்பாய் போனார். 'கைட்' படத்தின் 'காதா ரஹே மேரா தில்' பாட்டில் கேட்கிற ஆல்டோ அவருடையது. 'காஷ்மீர் கி கலி'யில் 'ஹை துனியா உஸி கி' பாட்டில் முகமது ரஃபி குடிகாரனாகப் பாட, பின்னால் தள்ளாடிக்கொண்டே வருகிற சாக்ஸும் அவர்தான். திரையில் ஷம்மி கபூரைத் தெரியும், பாடினவரைத் தெரியும், ஓ.பி. நய்யாரைத் தெரியும். வரிசையில் நாலாவது ஆளுக்கு இடம் இல்லை.

மனோகரி இதிலிருந்து வெளியே வந்த வழி கவனிக்க வேண்டியது. வாசிப்பதோடு நிற்காமல், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதவும் நடத்தவும் செய்தார். ஆர்.டி. பர்மனின் முக்கிய உதவியாளர்களாக அவரும் பாசு சக்ரவர்த்தியும் இருந்தார்கள். 'பாசு-மனோகரி' என்ற பெயரில் 'ஸப்ஸே படா ருப்பய்யா' போன்ற படங்களுக்கு இசையும் அமைத்தார்கள். 2010 ஜூலையில் இறக்கும்வரை அவர் மேடையேறிக்கொண்டிருந்தார்.

தமிழில் நிலைமை ஒரே ஒரு முறை தலைகீழானது. 1994-ல் கே. பாலசந்தரின் 'டூயட்' படத்தில் பிரபுவுக்குச் சாக்ஸபோன் கலைஞர் வேடம். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். அவர் கூலிக்கு வாசிக்கிற ஸ்டூடியோ ஆள் இல்லை. மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தைப் பார்த்து மயங்கி, கமகம் பேசுவதற்காக அதன் சாவிகளிலேயே மாற்றம் செய்து கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்த வித்வான். 'அஞ்சலி அஞ்சலி' பாட்டுக்காகப் பல ராகங்களை வாசித்துக் காட்டியும் ரஹ்மானுக்கு நிறைவில்லை, கடைசியில் கல்யாண வசந்தத்தைத் தொட்டதும் இதுதான் என்றார் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் பார்த்தவர்கள் வாசித்தது யார் என்று கேட்டார்கள், பதிலும் கிடைத்தது. ஏற்கெனவே பெயர் இருந்ததால்தான் அது நடந்தது. அதே காலத்தில் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் தினமும் சாக்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்களின் பெயரை எத்தனை பேர் கேட்டார்கள்?

1983-ல் யமஹாவின் டி.எக்ஸ்.7 கீபோர்டு வந்தது. அதையடுத்துப் பரவலான சாம்ப்ளர் இயந்திரங்கள் நிஜ சாக்ஸின் ஒலியையே சேமித்து வைத்துக்கொண்டு, விரலைத் தட்டினால் வாசித்தன. சாக்ஸ் அவ்வளவு எளிதாகப் போலி செய்ய முடியாத வாத்தியம், இயந்திர சாக்ஸை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஆனாலும் தயாரிப்பாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 1990-களில் ரசனையும் மாறி, சாக்ஸ் என்றாலே பழைய காலத்துக் காதல் காட்சி என்ற கேலி வந்துவிட்டது. 2010, 2011 வாக்கில் லேடி காகாவும் கேட்டி பெர்ரியும் தங்கள் பாடல்களில் நிஜ ஆளை அழைத்து வாசிக்க வைத்தார்கள். அழைப்பு மணி மறுபடி அடிக்கிறது, முன்போல் நாள்தோறும் இல்லை.

சட்டமும் மெதுவாக நகர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 1996 டிசம்பரிலிருந்து, வானொலியில் பாட்டு ஒலிபரப்பாகும்போது பின்னணியில் வாசித்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் இணைய வானொலி ராயல்டியில் பெயரில்லா வாத்தியக்காரர்களுக்கு இரண்டரை சதவீதம், பெயரில்லாப் பாடகர்களுக்கு இரண்டரை. சாதாரண வானொலியில் அங்கே இன்றும் ஒரு காசும் இல்லை. இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது நிகழ்த்துகிற கலைஞர்களுக்கு ராயல்டி உரிமை சேர்ந்தது; பாடகர்கள் 2013-ல் சங்கம் அமைத்து வசூலிக்கத் தொடங்கினார்கள். ஆனால் அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: ஒரு படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூட அவர் பெயர் வராது என்றால், அவர் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் கலைஞரே இல்லை. டைட்டிலில் பெயர் போடுவது மரியாதைக்காக மட்டும் என்று நினைக்கிற தயாரிப்பாளர்கள் இந்த வரியை ஒருமுறை படிக்கலாம்.

பிரிட்டனில் 2013 நவம்பரில் இன்னொரு விதி அமலுக்கு வந்தது. பதிவு வெளியாகி ஐம்பது ஆண்டு முடிந்தபின், அதை விற்று வருகிற வருமானத்தில் இருபது சதவீதத்தை, ஒற்றைக் கூலி வாங்கி வாசித்துப் போனவர்களுக்காகப் பதிவு நிறுவனம் ஒதுக்க வேண்டும். 'பேக்கர் ஸ்ட்ரீட்'டுக்கு அந்த ஐம்பது ஆண்டு 2028-ல் முடிகிறது. ஜெரி ராஃபர்ட்டி 2011 ஜனவரியில் இறந்துவிட்டார். ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட் 2014 அக்டோபர் 19-ஆம் தேதி, அறுபதாவது வயதில் எக்ஸெட்டரில் இறந்தார்.